புகைக்குழாயில் ஒரு மூக்கு

திருச்சிராப்பள்ளியிலும் அதனைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் செயற்கை வைரக்கற்களைப் பட்டை தீட்டும் தொழில் பல தலைமுறைகளாக நடந்து வந்திருப்பது நம்மில் பலர் அறிந்ததே. இன்று அத்தொழில் முன்போல் செழிப்பாக இல்லை. ஆயினும் 'அமெரிக்கன் டைமண்ட்' பதித்த தோடோ மூக்குத்தியோ இல்லாத வீடு நம் ஊரில் அரிது. அந்தக் கல் உண்மையில் வைரமன்று. வைரம் கரியினால் ஆனது. இதுவோ ஸிர்க்கோனியம் என்னும் உலோகமும் ஆக்ஸிஜனும் சேர்ந்த ஸிர்க்கோனியா. அதன் உடன்பிறப்பு ஒன்று, மின்னாமல் மினுக்காமல், பெட்ரோல் கார்களின் புகைக்குழாயில் உட்கார்ந்து வேலை செய்கிறது. அதற்கு ஆக்ஸிஜன் சென்சார் என்று பெயர். பட்டறைகளில் 'ஓ-டூ சென்சார்' என்பார்கள். அது எவ்வாறு வேலை செய்கிறது, கெட்டுவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி மாற்றுவது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பெண்கள் பள்ளியின் ஆண்டு மலரில் மோட்டார் விஷயம் எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். என் பாட்டியும் அதையேதான் கேட்டார். என் தந்தை வாடகைக் கார் ஓட்டுகிறார். ஜங்ஷனில் இறங்கும் பயணிகளை ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், சமயபுரம் ஆகிய தலங்களுக்கும், பூண்டி மாதா கோவிலுக்கும் வேளாங்கண்ணிக்கும் அழைத்துச் செல்வது அவருடைய தொழில். கார் குடிக்கும் பெட்ரோலின் அளவில்தான் எங்கள் வீட்டு அரிசி பருப்புக் கணக்கு அடங்கியிருக்கிறது. அது போக, 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்த பின் விற்பனையான பெட்ரோல் ஸ்கூட்டர்கள் அநேகமாக எல்லாவற்றிலும் இந்தச் சென்சாரின் சிறு வடிவம் ஒன்று இருக்கிறது. ஆகவே நம் அன்னையரும் ஆசிரியைகளும் அன்றாடம் ஓட்டிவரும் வண்டியைப் பற்றிய செய்தியும் இதுவே.

பெட்ரோல் எரிவதற்குக் காற்று வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் மீதமின்றி எரிய 14.7 கிலோ காற்று தேவை. ஒரு லிட்டர் பெட்ரோல் என்று கணக்கிட்டால், ஏறத்தாழ 9 கன மீட்டர், அதாவது ஒரு குளியலறை நிறையக் காற்று. இதற்குக் குறைவாகக் காற்று கிடைத்தால் பெட்ரோலிலுள்ள கார்பன் முழுவதும் கரியமில வாயுவாக மாறாமல், ஒரு பகுதி கார்பன் மோனாக்ஸைடாக நின்றுவிடும். இவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபின், பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் ஆசையாக இதைப் பற்றிக்கொள்ளும். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்டவர்கள் மயங்கி மாண்டுபோவது இதனால்தான். சரி, காற்றை அதிகமாகவே கொடுத்துவிடலாமே என்றால், எஞ்சின் இழுக்காது, திணறும். நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் மிச்சமாகும்.

புகையிலுள்ள இந்த நச்சு வாயுக்களை மாற்றுவதற்காகப் புகைக்குழாயில் 'கேட்டலிடிக் கன்வர்ட்டர்' என்னும் ஒரு பாத்திரம் வைத்திருக்கிறார்கள். உள்ளே தேனடை போன்ற பீங்கான். அதன் மீது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலை மிகுந்த உலோகங்களின் மெல்லிய பூச்சு. அது கார்பன் மோனாக்ஸைடுக்கும் எரியாத பெட்ரோலுக்கும் ஆக்ஸிஜனைக் கொடுத்து எரிக்கிறது, நைட்ரஜன் ஆக்ஸைடுகளிலிருந்து ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொள்கிறது. கொடுப்பதும் பிடுங்குவதும் ஒரே இடத்தில் நடக்க வேண்டுமானால், காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தை ஒட்டியே, இம்மி அப்படியும் இப்படியுமாக இருந்தாக வேண்டும். மனிதக் கையால் திருகும் கார்புரேட்டர் ஸ்க்ரூவினால் இது ஆகாது. வினாடிக்கு வினாடி புகையை முகர்ந்து பார்த்துச் சொல்ல ஒரு மூக்கு வேண்டும்.

அந்த மூக்கை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1976-இல் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதலில் அதைப் பொருத்திக்கொண்டவை சுவீடன் நாட்டு வால்வோ கார்கள். நம் நாட்டுக்கு அது வரக் காலம் பிடித்தது. 1995 ஏப்ரல் முதல் சென்னை, பம்பாய், கல்கத்தா, டில்லி ஆகிய நான்கு நகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வர்ட்டர் கட்டாயமாயிற்று. பெட்ரோலில் கலந்திருந்த ஈயம், கன்வர்ட்டரையும் சென்சாரையும் சேர்த்தே கெடுத்துவிடும். ஆகையால் அந்நகரங்களில் ஈயமற்ற பெட்ரோலும் உடன் வந்தது. நாடு முழுவதும் ஈயம் நீங்கியது 2000 பிப்ரவரியில். பாரத் ஸ்டேஜ் 4 விதி 2010-இல் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கும், 2017 ஏப்ரலில் நாடு முழுமைக்கும் வந்தது. எங்கள் கார் 2018-இல் வாங்கியது. அதில் இரண்டு சென்சார்கள் உண்டு. ஒன்று கன்வர்ட்டருக்கு முன்னால், மற்றொன்று பின்னால். முன்னது பெட்ரோலின் அளவைத் திருத்துவதற்கு. பின்னது கன்வர்ட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று வேவு பார்ப்பதற்கு.

இனி, ஒரு கல் எப்படி முகரும் என்பதைப் பார்ப்போம். எனக்கு இந்தப் பகுதிதான் மிகவும் பிடித்தது.

ஸிர்க்கோனியாவில் சிறிது இட்ரியம் ஆக்ஸைடு கலக்கிறார்கள். தோட்டுக் கல்லிலும் அநேகமாக இதே கலப்புதான். ஒவ்வொரு ஸிர்க்கோனியம் அணுவுக்கும் இரண்டு ஆக்ஸிஜன் உண்டு. இட்ரியத்திற்கோ ஒன்றரைதான். எனவே இரண்டு இட்ரியம் உள்ளே நுழைந்தால், ஆக்ஸிஜன் இருக்க வேண்டிய ஓர் இடம் காலியாகிவிடும். பல்லாங்குழிப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் குழியிலும் காய் நிறைந்து, எடுக்கவும் போடவும் இடமில்லாவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். ஒரு குழி காலியாக இருந்தால் பக்கத்துக் குழிக்காய் அதில் விழும், அதன் இடத்துக்கு அடுத்தது வரும். இவ்வாறே சூடேறிய கல்லுக்குள் ஆக்ஸிஜன் அயனிகள் குழிக்குக் குழி தாவிச் செல்கின்றன. எலக்ட்ரான்களால் அப்படிச் செல்ல முடியாது.

சென்சாரின் நுனி, தையற்காரர் விரலில் மாட்டிக்கொள்ளும் அங்குஸ்தான் போன்ற வடிவம் உடையது. உட்புறம் வெளிக்காற்று, 21 சதவிகிதம் ஆக்ஸிஜனுடன். வெளிப்புறம் புகை. இருபுறமும் பிளாட்டினப் பூச்சு. முக்கொம்பு மதகின் இருபுறமும் நீர்மட்டம் வேறுபட்டால்தானே நீர் பாயும்? அது போல ஆக்ஸிஜன் மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு அயனிகள் செல்ல முயல்கின்றன. அந்த முயற்சியே மின்னழுத்தமாக வெளிப்படுகிறது. புகையில் ஆக்ஸிஜன் ஏறக்குறைய இல்லை என்றால், அதாவது பெட்ரோல் அதிகம் என்றால், 0.8 அல்லது 0.9 வோல்ட் காட்டும். புகையில் ஆக்ஸிஜன் மிச்சம் இருந்தால், அதாவது பெட்ரோல் குறைவு என்றால், 0.1 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். நடுவே 0.45 என்பது எல்லைக்கோடு. எஞ்சினின் கணிப்பொறி இதைப் பார்த்து, மேலே ஏறினால் பெட்ரோலைக் குறைக்கிறது, கீழே இறங்கினால் கூட்டுகிறது. ஆகவே நல்ல சென்சாரின் அளவு ஓர் இடத்தில் நிற்காது. ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இருக்கும்.

குளிர்ந்த கல் முகராது. சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடேற வேண்டும். அதற்காக உள்ளே ஒரு சிறு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். வால்டர் நெர்ன்ஸ்ட் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 1897-இல் இதே ஸிர்க்கோனியாக் கலவையால் ஒரு விளக்கு செய்தார். அதையும் முதலில் சூடாக்கினால்தான் மின்சாரம் பாய்ந்து ஒளி தரும். சென்சாரின் மின்னழுத்தத்தைக் கணக்கிட உதவும் சமன்பாடும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. 1920-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. இந்தக் கல்லுக்கு மூலமான ஸிர்க்கான் தாது நம் மாநிலத்திலேயே, கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கிறது என்பது நாம் மகிழத்தக்க செய்தி. காரில் மட்டும் என்றும் எண்ண வேண்டாம். நம் திருவெறும்பூர் பெல் ஆலையில் செய்யப்படுபவை போன்ற மாபெரும் கொதிகலன்களிலும், நிலக்கரி சரியாக எரிகிறதா என்று புகையை முகர்ந்து பார்ப்பது ஸிர்க்கோனியாதான்.

இப்போது எங்கள் காருக்கு வருகிறேன். சென்ற ஆண்டு அது லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்ததிலிருந்து மெல்ல மெல்ல 13-க்கு இறங்கியது. நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர் ஓடினால், முன்பு ஆறேகால் லிட்டர் போதும். இப்போது ஏழே முக்கால் லிட்டர் வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் நாளுக்கு 150 ரூபாய், மாதத்தில் 25 நாள் ஓடினால் 3,750 ரூபாய். இதற்கிடையில் டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. முதலில் காட்டிய பட்டறையில் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்துவிட்டு, சென்சார் இரண்டும் கன்வர்ட்டரும் சேர்த்து மாற்ற வேண்டும், நாற்பதாயிரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அன்றிரவு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் திருவானைக்காவலில் சிறு பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனோம். நான் அவரை மாமா என்று அழைப்பது வழக்கம். விடுமுறை நாளானபடியால் நானும் நோட்டுப் புத்தகத்துடன் உடன் சென்றேன். ஸ்கேனரில் தெரிந்த குறியீடு பி 0133. முதல் சென்சார் தாமதமாகப் பதில் சொல்கிறது என்பது அதன் பொருள்.

"அப்படியானால் சென்சார்தானே கெட்டிருக்கு, மாமா?" என்றேன்.

"பாப்பா, லைட்டு எரியுதுன்னா சென்சார் புகார் குடுக்குதுன்னு அர்த்தம். புகார் குடுத்தவனையே புடிச்சு உள்ள போட்டுறதா? விசாரிக்க வேண்டாமா?" என்றார் அவர்.

அந்த வாரம் அவர் பட்டறையில் நின்ற மற்றொரு கார் இதற்கு நல்ல உதாரணம். அதிலும் அதே விளக்கு. சென்சாரின் அளவு எப்போதும் தாழ்வாகவே இருப்பதாகக் குறியீடு. இரண்டு மாதத்துக்கு முன்புதான் வேறெங்கோ புதுச் சென்சார் போட்டிருந்தார்கள். ஆனாலும் விளக்கு அணையவில்லை. உண்மைக் காரணம் சென்சாருக்கு முன்னால், எஞ்சினும் புகைக்குழாயும் சேரும் இடத்தில் இருந்த கேஸ்கெட்டின் வெடிப்பு. புகை தொடர்ச்சியாக வருவதில்லை, விட்டு விட்டுத் தள்ளப்படுகிறது. இரண்டு தள்ளலுக்கு நடுவே குழாய்க்குள் அழுத்தம் குறையும்போது வெளிக்காற்று வெடிப்பின் வழியே உள்ளே இழுக்கப்படும். அந்தக் காற்றிலுள்ள ஆக்ஸிஜனைச் சென்சார் முகர்ந்து, பெட்ரோல் போதவில்லை என்று உள்ளதை உள்ளபடியே சொல்லியிருக்கிறது. அதை நம்பிக் கணிப்பொறி மேலும் மேலும் பெட்ரோலை ஊற்றியிருக்கிறது. கேஸ்கெட் மாற்றியவுடன் எல்லாம் சரியாயிற்று.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. ஒரு ஸ்பார்க் பிளக் வேலை செய்யாவிட்டால், அந்த ஸிலிண்டரின் பெட்ரோலும் காற்றும் எரியாமல் அப்படியே வெளியேறும். குழாய் முழுவதும் பச்சைப் பெட்ரோல் வாடை வீசும். சென்சாரோ, பெட்ரோல் குறைவு என்று சொல்லும்! அது முகர்வது பெட்ரோலை அன்று, ஆக்ஸிஜனை மட்டுமே. இதை நினைவில் வைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எங்கள் காரில் மாமா செய்த சோதனைகளைக் கூறுகிறேன். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே புகைக்குழாயின் இணைப்புகளைப் பார்த்தார். ஒழுக்கு இருந்தால் அவ்விடத்தில் கரிக்கோடு தெரியும். இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, பின்பக்க வாயைத் தடித்த துணியால் சிறிது நேரம் அழுத்திப் பிடித்து, இணைப்புகளில் சோப்பு நீர் தடவினார். நுரைக்கவில்லை. வயர்கள் எங்கும் சூட்டில் உருகவில்லை. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார். நான்கும் அடுப்புக்கரி பூசியது போல் கறுத்திருந்தன. "இத நோட்டுல எழுதிக்க" என்றார்.

அடுத்து ஹீட்டர். சென்சாரிலிருந்து நான்கு வயர்கள் வருகின்றன. எங்கள் காரில் வெள்ளை இரண்டும் ஹீட்டருடையவை, கறுப்பு செய்தி சொல்வது, சாம்பல் நிறம் எர்த். பிளக்கைக் கழற்றி, வெள்ளை வயர்கள் இரண்டுக்கும் இடையே மல்டிமீட்டரால் மின்தடையை அளந்தோம். 7 ஓம். கார்ப்பக்கத்தில் 12 வோல்ட் வந்துகொண்டிருந்தது. நாம் பாடத்தில் படிக்கும் ஓம் விதிப்படி மின்னோட்டம் ஏறத்தாழ 1.7 ஆம்பியர், திறன் 20 வாட். ஹீட்டரில் பழுதில்லை. ஹீட்டர் அறுந்திருந்தால் மீட்டரில் முடிவிலி காட்டியிருக்கும். ஃபியூஸ் போயிருந்தால் 12 வோல்ட் வந்திராது. அப்போது சென்சாரை மாற்றுவது வீண் செலவாகியிருக்கும். ஒன்று கவனிக்க வேண்டும்: கறுப்பு வயருக்கு ஓம் அளவு பார்க்கவே கூடாது. மீட்டரின் மின்னோட்டம் கல்லைக் கெடுத்துவிடலாம். அதற்கு வோல்ட் மட்டுமே பார்க்க வேண்டும், அதுவும் டிஜிட்டல் மீட்டரில்.

பிறகு எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, நிமிடத்துக்கு 2,500 சுற்றில் நிறுத்தி, ஸ்கேனரின் திரையில் சென்சாரின் ஆட்டத்தைப் பார்த்தோம். 0.45 கோட்டைப் பத்து வினாடியில் எத்தனை முறை தாண்டுகிறது என்று எண்ணுவது என் வேலை. நல்ல சென்சார் எட்டுக்குக் குறையாமல் தாண்டும் என்றார் மாமா. நான் எண்ணியது மூன்று. இரண்டாம் முறையும் மூன்று. மாமா ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தார். பெட்ரோல் அதிகமாகப் பாய்ந்தும், அளவு 0.9-ஐத் தொடவில்லை. 0.6-க்கே தட்டுத் தடுமாறி ஏறியது. ஒரு வாக்கம் ஹோஸைக் கழற்றிக் காற்றை உள்ளே விட்டபோது சட்டென இறங்க வேண்டியது, ஒன்றரை வினாடி எடுத்துக்கொண்டது. அதே ஸ்கேனரில் 'ஃபியூயல் டிரிம்' என்ற கணக்கு ஒன்று இருக்கிறது. கணிப்பொறி வழக்கமான அளவைவிட எவ்வளவு கூடுதலாக ஊற்றுகிறது என்பதை அது காட்டும். எங்கள் காரில் 20 சதவிகிதம் கூடுதல்.

இப்போது விசாரணை முடிந்தது. சென்சார் சொல்கிறது, பெட்ரோல் குறைவு என்று. பிளக்கின் கரி சொல்கிறது, பெட்ரோல் அதிகம் என்று. இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. காற்று ஒழுக்கு இல்லை, பிளக் விட்டுவிட்டு எரியவில்லை, ஹீட்டரும் வயரும் நன்றாக இருக்கின்றன. ஆகவே பொய் சொல்வது சென்சாரின் கல்லேதான். கார் 1,60,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அத்தனை தூரத்துக்குப் பின் கல் மூப்படைவது இயற்கையே. இரண்டாவது சென்சாரையும் பார்த்தோம். அது 0.65 வோல்டில் அசையாமல் நின்றது. கன்வர்ட்டர் கெட்டிருந்தால் அதுவும் முன் சென்சாரைப் போல ஆடும். புதுச் சென்சார் போட்ட பின் மீண்டும் ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்ளலாம் என்றார் மாமா. நாற்பதாயிரம் ரூபாய்ச் செலவு, மூவாயிரத்துச் சொச்சத்தில் நின்றது. அப்பா அன்று மாமாவுக்கும் எனக்கும் பாதாம்பால் வாங்கிக் கொடுத்தார்.

மாற்றும் முறையைச் சுருக்கமாகக் கூறுகிறேன். பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். குழாய் கொதிக்கும்போது தொட்டால் கை வெந்துவிடும். முழுவதும் குளிர்ந்துவிட்டாலோ மரை இறுகிக்கொள்ளும். இளஞ்சூடாக இருப்பது நலம். முந்தின நாளே மரையில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைப்பது இன்னும் நலம். இதற்கு 22 மில்லிமீட்டர் ஸ்பேனர் வேண்டும். வயர் நுழைவதற்காகப் பக்கவாட்டில் பிளவுள்ள சாக்கெட் ஒன்று தனியாக விற்கிறது. அதுவே வசதி. கழற்றிய சென்சாரின் நுனியைப் பார்த்தால் அதன் வரலாறு தெரியும். கரிபோல் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம் எரிந்திருக்கிறது. வெள்ளை மாவு பூத்திருந்தால், யாரோ எஞ்சினில் தகாத சிலிக்கோன் பசையைத் தடவியிருக்கிறார்கள், அல்லது கூலண்ட் ஒழுகி எரிந்திருக்கிறது. அந்தக் காரணத்தை முதலில் நீக்காவிட்டால் புதியதும் அதே வழியில் போகும். எங்களுடையது மங்கிய கறுப்பு.

புதியதைக் கீழே போட்டுவிடக் கூடாது. உள்ளே இருப்பது பீங்கான் போன்ற கல், விரிசல் கண்டால் பயனில்லை. மரையில் மட்டும் இறுகாமல் காக்கும் பசை இருக்கலாம், நுனியில் ஒரு பொட்டும் படக்கூடாது. முதலில் கையால் திருகி, பிறகு சுமார் 40 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்க வேண்டும். கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் 16 கிலோ எடை தொங்குவதற்கு இது சமம். திருப்புத்திறன் கணக்கு இங்கே பயன்படுவதைக் கண்டு எனக்கு வியப்பாக இருந்தது. திருகி முடித்த பிறகே வயர்ப் பிளக்கை மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் வயர் முறுக்கிக்கொள்ளும். அந்தப் பிளக்கில் கிரீஸ் தடவக் கூடாது. பெரும்பாலான சென்சார்களில் உட்புறத்துக்கு வேண்டிய வெளிக்காற்று, வயரின் இழைகளுக்கு நடுவேதான் நுழைகிறது. கிரீஸ் அந்த மூச்சை அடைத்துவிடும். எஞ்சினை ஓடவிட்டுச் சோதிப்பதைத் திறந்த வெளியிலேயே செய்ய வேண்டும் என்பதற்குக் காரணம் மேலே கூறியிருக்கிறேன்.

குறியீட்டை அழித்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு கல்லணைச் சாலையில் சிறிது தூரம் போய்த் திரும்பினோம். மீண்டும் எண்ணினேன். பத்து வினாடியில் பத்து முறை. கூடுதல் பெட்ரோல் கணக்கு ஒரு வாரத்தில் 20 சதவிகிதத்திலிருந்து 5-க்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. ஏன் பூஜ்யத்துக்கு வரவில்லை என்று மாமாவைக் கேட்டேன். இப்போது பங்குகளில் விற்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலில் ஏற்கெனவே ஆக்ஸிஜன் உண்டு என்பது நம் கார்பன் சேர்மங்கள் பாடத்தில் வருகிறது. ஆகவே அதற்கு வேண்டிய காற்று குறைவு. 14.7 என்பது ஏறக்குறைய 13.5 ஆகிவிடுகிறது. பழைய கணக்கின்படி செய்யப்பட்ட எங்கள் கார், சிறிது கூடுதலாக ஊற்றித்தான் ஈடு செய்ய வேண்டியிருக்கிறது. சென்சாருக்கு இந்த மாற்றம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆக்ஸிஜன் மிச்சமா இல்லையா என்று மட்டும் சொல்கிறது. அந்த ஒரு சொல்லே கணிப்பொறிக்குப் போதுமானதாக இருக்கிறது.

புகைச் சான்று எடுக்கும் இடத்தில் இந்த வகைக் கார்களுக்குக் கார்பன் மோனாக்ஸைடு 0.3 சதவிகிதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. பழைய சென்சார் இருந்தபோது 1.4 காட்டிய கார், இப்போது 0.05 காட்டியது. காவிரிப் பாலத்தின் நெரிசலில் நமக்கு முன்னால் நிற்கும் காரின் புகையைத்தான் பின்னால் ஸ்கூட்டரில் இருக்கும் குழந்தை சுவாசிக்கிறது. ஆகவே மைலேஜ் 16-க்குத் திரும்பியதைவிட இந்த எண்ணே அதிக மகிழ்ச்சி தந்தது என்று நான் சொன்னேன். அப்பா இரண்டும்தான் என்றார்.

கழற்றிய பழைய சென்சாரை மாமா எனக்கே கொடுத்துவிட்டார். அறிவியல் ஆசிரியையான சிஸ்டர் அதை நம் ஆய்வகத்தில் சோதித்துக் காட்டினார்கள். இடுக்கியால் பிடித்து, நுனியைப் புன்சன் சுடரின் நடுப்பகுதியில், அதாவது ஆக்ஸிஜன் இல்லாத உட்பகுதியில் வைத்து, கறுப்பு வயரையும் சாம்பல் நிற வயரையும் மல்டிமீட்டரில் இணைத்தார்கள். இரண்டு நிமிடம் ஒன்றும் இல்லை. கல் செந்நிறமாகத் தொடங்கியதும் எண்கள் அசைந்தன. 0.2, 0.4, பிறகு 0.6. நுனியைச் சுடரிலிருந்து வெளியே எடுத்ததும் அது இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று வகுப்பு முழுவதும் சத்தமாக எண்ணியது. எட்டு எண்ணுவதற்குள் பூஜ்யத்தைத் தொட்டது. அந்தச் சென்சார் இப்போது இயற்பியல் அலமாரியின் இரண்டாம் தட்டில், வயரில் சீட்டுக் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. வேண்டுபவர்கள் சிஸ்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்.